ஆறு மணிக்கு வாரேன்னு சொல்லியிருக்கான்

ராட்டினக்காரன் கம்பியப் போட்டுட்டான். இனிமே எறங்கணும்னு நெனச்சாலும் எறங்க முடியாது. மஞ்சக் கலர்ல ஒரு கூடு, எதிரும் புதிருமா ரெண்டு பெஞ்சு. எனக்கு எதுத்தாப்புல ஆவுடையும் ரோஸ்லினும் நெருக்கியடிச்சு உக்காந்திருக்காளுக, நான் இந்தப் பக்கம் ஒத்தையில. ஏட்டி, ஒருத்தி இங்கன வாங்களேன்னு கேட்டா, வெயிட்டு ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்லா, நீ தின்ன பூனா சப்பாத்திக்கு நாங்க ரெண்டு பேரும் சேந்தாத்தான் சரியா வரும்னு ரோஸ்லின் சொல்லுதா. அந்த வாயி மட்டும் அப்படியே இருக்கு இவளுக்கு. ஆஸ்பத்திரி லேப்ல இருவது வருசமா எல்லாருக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கா, அந்தப் பழக்கம் பேச்சுலயும் வந்துட்டு. ஆவுடையப் பாரு, இப்பமே கண்ண இறுக்க மூடிக்கிட்டா, ராட்டினம் இன்னும் நகரவே இல்ல. மூணு பேரும் காலேஜுல ஒரே பெஞ்சு. இருவத்தேழு வருசம் கழிச்சு நான் திருநெல்வேலிக்கு வந்திருக்கேன், அதே கோடைப் பொருட்காட்சி, அதே திடல், காலுல அதே புழுதி. மணி அஞ்சு நாப்பது. எங்க அண்ணன் ஆறு மணிக்கு வாரேன்னு சொல்லியிருக்கான். இருவத்தேழு வருசமா என்கூட ஒரு வார்த்த பேசாதவன், எங்க அம்மா செத்ததக்கூட எனக்குச் சொல்லி விடாதவன், ஆறு மணிக்கு இந்த ராட்டினத்துக்கிட்ட வாரேன்னு சொல்லியிருக்கான். அதுவரைக்கும் கீழ நின்னு போற வாறவன் மொகத்த எல்லாம் பாத்துக்கிட்டே இருந்தன்னா நீ மயங்கி விழுந்துருவ, வா, மேல போயி உக்காருவோம்னு ரோஸ்லின் இழுத்துட்டு வந்துட்டா. நானும் வந்துட்டேன். யாரு கூப்பிட்டாலும் போயிருத புத்தி எனக்கு அன்னைக்கும் இருந்துது, இன்னைக்கும் இருக்கு.

நகருது. எப்பா, வயித்துக்குள்ள பள்ளம் விழுது. கொஞ்சம் ஏறி நிக்குது, அடுத்த கூட்டுல ஆளு ஏறுதாங்க, திரும்பக் கொஞ்சம் ஏறுது. மொளகா பஜ்ஜி வாசன இங்க வரைக்கும் வருது. ஆத்துப் பக்கத்துலருந்து காத்து அடிக்கு, சூடு இருக்கு, ஆனாலும் காத்து. பூனாவுல மே மாசம் காத்து இல்லாம கெடக்கும், நான் மொட்ட மாடியில தண்ணி ஊத்திட்டு நின்னு ஆத்த நெனச்சுக்கிடுவேன். அந்தா கோபுரம் தெரியுது. அந்தா ரயிலு பாலம். அந்தப் பாலத்த மட்டும் நான் இவ்வளவு ஒசரத்துலருந்து பாத்ததே இல்ல. பாக்க எங்க, நான் இந்த ராட்டினத்துல ஏறுனதே இல்லையே. இதுதான் மொதத் தடவ. அன்னைக்கு ஊரு பூராவும் என்ன நெனச்சுது, வடிவு ராட்டினத்துல இருக்கா, சுத்துதா, பொம்பளப் பிள்ளைக்கு ஆசையப் பாருன்னு நெனச்சுது. நான் ஜங்ஷன்ல, பிளாட்பாரத் தூணுக்குப் பின்னால, காலுக்குப் பத்தாத செருப்போட நின்னுக்கிட்டிருந்தேன். எங்க வீட்டுல பொண்ணுக பொருட்காட்சிக்குப் போகணும்னா கூட ஒரு ஆம்பள வரணும். அவன் ராட்டினத்துல ஏற மாட்டான். கீழ வேலிக்கிட்ட நிப்பான். நாங்க கழத்திக் குடுக்குற செருப்பப் பாத்துக்கிடுவான், அண்ணாந்து தலைய எண்ணுவான், மூணு தல இருக்கா, சரி. அதுதான் மொற. எங்க அப்பா வாசல்ல வச்சு அண்ணன்கிட்டச் சொன்னது எனக்கு இன்னும் காதுல கெடக்கு, நம்பி, மூணு பேரையும் கண்ண விட்டு மறைய விடாத. அண்ணன் சரிப்பான்னான். இருவத்திநாலு வயசு அவனுக்கு, மீச கூட ஒழுங்கா வரல. அவன் தலைய எண்ணுவாங்கிறது எங்களுக்குத் தெரியும். அதனாலதான் தல குறையாமப் பாத்துக்கிட்டோம்.

எல்லாம் ரோஸ்லின் போட்ட திட்டம். அவ சித்தி மக பிளெஸி, என் ஒசரம், என் நெறம். கண்ணாடி மாளிகைக்குள்ள நாங்க மூணு பேரும் போனோம், அண்ணன் வெளிய நிக்கான். பிளெஸி எங்களுக்கு முன்னமே உள்ள போயி நிக்கா. என் மஞ்சத் துப்பட்டாவ அவ தலையில முக்காடு போட்டா, அவ ஊதாத் துப்பட்டாவ நான் போட்டேன், செருப்ப மாத்திக்கிட்டோம். சுத்திக் கண்ணாடி. ஒண்ணுல நான் குண்டா இருக்கேன், ஒண்ணுல ஒல்லியா நீளமா இருக்கேன், எந்தக் கண்ணாடியிலயும் நான் நானா இல்ல. ஆவுடை என் கையப் பிடிச்சுக்கிட்டு, போயிருவியாட்டின்னு கேட்டா. போறேன்னு சொன்னேன். அவ்வளவுதான் பேசுனோம். முன் வழியா அவளுக மூணு பேரு, வெயிலுக்கு முக்காடு போட்ட ஒரு மஞ்சத் துப்பட்டாவோட ராட்டினத்துக்கு ஓடுனாளுக. ரோஸ்லின் மூணு சோடிச் செருப்பையும் வாங்கி அண்ணன் கையில குடுத்தா. என் செருப்பப் பாத்துத்தான் அவன் நம்புனான். பின் வழியா நான். அவுக, அதான் இப்ப எங்க வீட்டுக்காரவுக, அன்னைக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்குடுக்குற வாத்தியாரு, வேற ஆளுக, எங்க வீட்டு வாசல்ல நிக்கக்கூட முடியாத ஆளுக, டிக்கெட்டோட நின்னாக. ஆறேகால் ரயிலு. அதுவரைக்கும் இவளுக எறங்காமச் சுத்தணும். ஒரு ஆட்டம் அஞ்சு நிமிசம், திரும்பத் திரும்ப டிக்கெட்டு வாங்கி, எறங்காமலே உக்காந்து, எத்தன ஆட்டம் சுத்துனாளுகன்னு எனக்குத் தெரியாது. ரயிலு நகந்தப்போ ஜன்னல் வழியாப் பாத்தேன், கட்டடங்களுக்கு மேல ராட்டினம் சின்னதாத் தெரிஞ்சுது. சுத்திக்கிட்டிருந்துது. அதுல எனக்குப் பதிலா ஒருத்தி உக்காந்திருந்தா. அத நெனச்சு நான் அழல, சிரிச்சேன். இருவது வயசு, கூறு இல்ல.

மொத வட்டம் எறங்குது. கீழ பாரு, கீழ பாரு. வேலிக்கிட்ட ஒரு நீலச் சட்ட நிக்கு. அண்ணனா. வயசு அம்பத்தொண்ணு, எப்படி இருப்பான்னு எனக்கு என்ன தெரியும், ஒரு போட்டோகூட இல்ல. நீலச் சட்ட திரும்புது, இல்ல, இது யாரோ, ஐஸ் நக்கிக்கிட்டு நிக்கு. ச்சீ, ஒரு நிமிசம் உசுரு போயிட்டு. போனு அடிக்கு. அவுகதான், லாட்ஜுலருந்து. வந்தாச்சாங்காக. வரல. எங்க இருக்கங்காக. ராட்டினத்துல. என்னது. ராட்டினத்துல இருக்கேன்னு சொல்லுதேன்லா, வையுங்க போன. இந்த மனுசன் கால்மணிக்கொருக்க கூப்பிடுதாக, வந்து நிக்கத் தைரியம் இல்ல, நான் வந்தா உங்க அண்ணன் இன்னும் கோவப்படுவாருங்காக. கோவப்பட்டா படட்டும், எத்தன வருசம் கனவுல பாத்தாச்சு. மொதல்ல வடக்க பிலாய்ல குடியிருந்தப்போ கதவு தட்டுனா நான் அடுப்படிக்குள்ள போயி நின்னுக்கிடுவேன். அண்ணன் அருவாளோட வந்திருக்கான்னு. பால்காரன் வந்திருப்பான், கேஸ் சிலிண்டர் வந்திருக்கும். பையன் பொறந்த பொறவும் அப்படித்தான். பூனா போயி பத்து வருசம் ஆன பொறவுதான் கதவத் தொறக்கப் பழகுனேன். அவன் ஒரு தடவகூட வரல. வராததும் எனக்குப் பயமாத்தான் இருந்துது. இப்ப பாரு, ரோஸ்லின் லேப்புக்கு அவன் சுகர் பாக்க வந்திருக்கான், இவ ஊசி குத்திக்கிட்டே, வடிவு வாரா, பாக்கியளான்னு கேட்டிருக்கா. ஊசி கையில இருக்கும்போது கேட்டா எவன் என்ன சொல்லுவான். அவன், வீட்டுக்கெல்லாம் வேண்டாம், பொருட்காட்சிக்கு வரச் சொல்லு, ராட்டினத்துக்கிட்ட, ஆறு மணிக்குன்னு சொல்லியிருக்கான். எதுக்கு இங்க. ஊருல வேற எடமா இல்ல. எங்க என்ன ஏமாத்துனியோ அங்கயே வந்து நில்லுன்னு சொல்லுதானா. எல்லாரு முன்னாலயும் காறித் துப்பப் போறானா. துப்புனாலும் பரவால்ல, வரணும். வந்து துப்பட்டும். வராம மட்டும் இருந்துரக் கூடாது. அப்பாவும் போயிட்டாரு, பொறந்த வீடுன்னு சொல்ல எனக்கு அவன் ஒருத்தன்தான் மிச்சம்.

திரும்ப மேல. ஆவுடை கம்பியப் பிடிச்ச பிடியில வெரலு வெளுத்துப் போச்சு. ஏட்டி ஆவுட, ஒனக்கு ஒத்துக்காதுன்னா எதுக்கு ஏறுனன்னு கேட்டேன். கண்ணத் தொறக்காமலே சொல்லுதா, ஒன்ன ஒத்தையில விட்டுருவமாக்கும். இதையே அவ அன்னைக்கும் சொல்லியிருப்பா, பிளெஸிகிட்ட. அன்னைக்கு எத்தன ஆட்டம்டி சுத்துனியன்னு கேட்டேன். இத்தன வருசம் போன்ல பேசியிருக்கோம், தீவாளிக்குப் பொங்கலுக்குப் பேசியிருக்கோம், இத மட்டும் நான் கேட்டதில்ல, அவளுகளும் சொன்னதில்ல. எட்டுன்னு ஆவுடை சொன்னா. ஒம்பதுடின்னு ரோஸ்லின். எட்டு, எனக்குத் தெரியும், மூணாவதுல வாந்தி எடுத்தேன், அஞ்சாவதுல எடுத்தேன், ஏழாவதுல ஒண்ணுமே வரல, வெறும் தண்ணி. ரோஸ்லின் சிரிக்கா, கீழ நின்ன ஒருத்தன் சட்டையில விழுந்து அவன் ஒரே ஏச்சு. வாந்தி எடுத்தவ எறங்கியிருக்கலாம்லாட்டின்னு கேட்டேன். எறங்குனா ஒங்க அண்ணன் கிட்ட வந்து என்ன ஏதுன்னு பாத்திருப்பாங்க, பிளெஸி மொகம் தெரிஞ்சிரும்லா. ஆவுடை சாதாரணமாச் சொல்லுதா. பருப்புக்கு உப்புப் போட்டாச்சுங்கிற மாதிரி சொல்லுதா. இவள அந்த வருசமே காலேஜ விட்டு நிப்பாட்டிட்டாங்க. அதுவும் எனக்கு நாலு வருசம் கழிச்சுத்தான் தெரியும். ஓடிப்போனவளுக்குக் கூட்டாளின்னு பேரு, ரெண்டு மாசத்துல கயத்தாத்துல ஒருத்தருக்குப் பிடிச்சுக் கட்டிக்குடுத்துட்டாங்க. பி.காம் ரெண்டாம் வருசம், எங்க மூணு பேருலயும் அவதான் நல்லாப் படிக்கவ. என்னால ஒனக்கு எல்லாம் போச்சுல்லாட்டின்னு சொன்னேன். இப்பத்தான் அவ கண்ணத் தொறந்து பாத்தா. படிச்சிருந்தா கலெக்டராவா ஆயிருப்பேன், சத்துணவுக்கூடத்துல நூத்திருவது பிள்ளைகளுக்குச் சோறு போடுதேன், எவனும் என்ன ஏன்னு கேக்கதில்ல, நீ நல்லா இருக்கியா இல்லையா, அத மட்டும் சொல்லு. இருக்கேன்டி. நல்லா இருக்கேன். அவுக என்ன ஒரு நாள்கூட வையல, பையன் வேலைக்குப் போயிட்டான், ராத்திரி நிம்மதியாத் தூங்குதேன். இவ வாந்தி எடுத்து எடுத்துக் குடுத்த தூக்கம் அது. அத நான் இவகிட்ட எப்படிச் சொல்ல. கைய நீட்டி அவ முழங்காலப் பிடிச்சுக்கிட்டேன். ஒங்களுக்கு நான் என்னட்டி செய்யப் போறேன், என் தோலச் செருப்பாத் தச்சுப் போட்டாலும் தீராதுன்னு சொன்னேன். ஏ, எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், கையி வேர்க்குது, எடுன்னு சொன்னா.

பொறவு ரோஸ்லின்தான் ஆரம்பிச்சா. அவ சிரிப்ப நிப்பாட்டுனதுலயே எனக்குத் திக்குன்னுது. வடிவு, ஒங்க அண்ணன் வரதுக்குள்ள ஒண்ணு சொல்லிரணும், நீ அவங்ககிட்ட ஏடாகூடமாப் பேசிரக் கூடாதுல்லா. நாங்க எறங்குனப்போ என்ன நடந்துதுன்னு ஒனக்குத் தெரியாது. என்ன, அடிச்சானா. அடிக்கல, அதாண்டி, அடிக்கவே இல்ல. பிளெஸி மஞ்சத் துப்பட்டாவ மேல வச்சே உருவி என் பையில போட்டுட்டா, வேற யாரோ மாதிரி மொத ஆளா எறங்கி வெறுங்காலோட கூட்டத்துல போயிட்டா. நாங்க ரெண்டு பேரும் எறங்குதோம். ஒங்க அண்ணன் கையில மூணு சோடிச் செருப்பு. வடிவு எங்கன்னாங்க. விடியிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஒனக்குச் சத்தியம் பண்ணியிருந்தோம்லா. நான் பேசல. இவ அழுதா. மூணு பேரு மேல போனத அவங்க கண்ணால பாத்திருக்காங்க, கீழ ரெண்டு பேருதான் வந்திருக்கோம், இவ அழுதா. அவங்க என்ன நெனப்பாங்க, நீ சொல்லு. ரோஸ்லின் நிறுத்துனா. எனக்கு ஒடனே வெளங்கல. ஒரு கால் வட்டம் ஆச்சு வெளங்க. நீ மேலருந்து விழுந்துட்டன்னு நெனச்சுட்டாங்கடி. ராட்டினத்த நிப்பாட்டு நிப்பாட்டுன்னு கத்துனாங்க. அது நிக்கதுக்குள்ள அடியில பூந்துட்டாங்க. எஞ்சினுக்குப் பக்கத்துல, பெல்ட்டு ஓடுது, முழங்கால் போட்டுத் தவந்து தேடுனாங்க. செருப்பக் கீழ போடவே இல்ல, கையில இடுக்கிக்கிட்டே. ராட்டினக்காரங்க நாலு பேரு பிடிச்சு வெளிய இழுத்தாங்க, சட்ட பூரா கிரீஸு. திரும்ப உள்ள போனாங்க. எங்கிட்ட வந்து, ஏட்டி, எந்தப் பக்கம் விழுந்தா, அத மட்டும் சொல்லுன்னு கேட்டாங்க. அப்பமும் நான் சொல்லல. மறுநா காலையில எட்டு மணிக்குத்தான் போயிச் சொன்னேன், அவ உசுரோட இருக்கா, ரயிலு ஏறிட்டான்னு. கேட்டதும் அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. கோவத்துலன்னு நாங்க நெனச்சோம்.

ராட்டினம் நிக்கப் போவுது போல, வேகம் குறையுது. பையா, ஏக் அவுர் சக்கர், இன்னொரு சுத்துன்னு நான்தான் கத்துதேன், எனக்கே தெரியாம. ராட்டினக்காரன் வடநாட்டுக்காரன், நான் இந்தியில கேட்டதும் சிரிச்சுக்கிட்டுக் கையக் காட்டுதான், விட்டுட்டான். கீழ எறங்க எனக்குத் தெம்பு இல்ல. நான் எதையெல்லாம் நெனச்சிருக்கேன் இத்தன வருசம். அப்பா அண்ணன அடிச்சிருப்பாரான்னு நெனச்சேன். ஊரு கேலி பண்ணியிருக்குமான்னு நெனச்சேன். அவனுக்குப் பொண்ணு குடுக்க யோசிச்சிருப்பாங்களோன்னு நெனச்சேன். கோவம், கோவம், அவன் கோவத்த மட்டுந்தான் நெனச்சேன், அவன் பயத்த நெனக்கவே இல்லையே. நான் பிளாட்பாரத்துல நின்னு செருப்புக் கடிக்குதுன்னு அவுககிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். அவன் கண்ணுக்கு முன்னால நான் மேல சுத்திக்கிட்டிருந்தேன், பொறவு இல்ல. நான் ரயில்லயே விடிஞ்சு, டீ வாங்கிக் குடிச்சு, ஊதாத் துப்பட்டாவ ஜன்னல்ல பறக்க விட்டேன், அந்நேரம் வரைக்கும் அவனுக்கு நான் செத்துப் போனவ. அன்னைக்கு அவன்கிட்ட நான் கடைசியாச் சொன்னது என்ன. டெல்லி அப்பளம் ஒண்ணு வாங்கித் தந்தான், முறம் அகலத்துக்கு, பாதி தின்னுட்டு, இந்தா, மிச்சத்த நீ தின்னுன்னு அவன் கையில திணிச்சுட்டுக் கண்ணாடி மாளிகைக்குள்ள ஓடுனேன். அதுதான் கடைசி. வரும்போது ரயில்ல என்னென்னவோ பேச எழுதி வச்சிருந்தேன் மனசுக்குள்ள. நான் தப்பு ஒண்ணும் பண்ணல, எனக்குப் பிடிச்சவுககூடப் போனேன், நீங்க விட்டிருந்தா நான் ஏன் ஓடுதேன். எல்லாம் சரியான பேச்சுதான், இன்னைக்கும் சரிதான், ஆனா இவன்கிட்டப் பேசுறதுக்கு அது இல்ல. எந்தப் பக்கம் விழுந்தான்னு கேட்டவன்கிட்ட அத எப்படிச் சொல்ல. ஏன்டி இத முன்னமே சொல்லலன்னு ரோஸ்லின ஏசுதேன். மொதல்ல நீ மாசமா இருந்த, பொறவு பிள்ள சின்னது, பொறவு எப்பச் சொல்லங்கா. இவளுகளும் இத இத்தன வருசம் வயித்துல வச்சுக்கிட்டுத்தான் எனக்குத் தீவாளி வாழ்த்து சொல்லியிருக்காளுக.

மணி ஆறாகப் போவுது. லைட்டு எல்லாம் போட்டுட்டான், பகலு இன்னும் இருக்கு, வீணா எரியுது. உச்சியில நிக்கோம். ரோஸ்லின் எட்டிப் பாத்துட்டு, வடிவுன்னா. ஏட்டி, வடிவு, அங்க. எங்க. டிக்கெட் கூண்டுக்கு இந்தப் பக்கம், வேலிக்கிட்ட. பாத்துட்டேன். வெள்ளச் சட்ட, வேட்டி. உச்சந்தல வழுக்க. அப்பா மாதிரி நிக்கான், ஒரு தோளு எறங்கி. எங்க அப்பாவ நான் கடைசியாப் பாக்கல, இவன் நிக்கதுல பாக்கேன். அண்ணாந்து பாக்கல, தரையப் பாத்துக்கிட்டு நிக்கான். வந்துட்டான். ரோஸ்லின், வந்துட்டான்டி. எனக்கு இது போதும், இனி அவன் பேசாமத் திரும்பிப் போனாலும் போதும், பூனாவுக்குப் போயி வந்தான்னு சொல்லுவேன். ஆவுடை, ஒனக்கும் இவளுக்கும் எங்க போயி நன்றி சொல்ல, சாமிகிட்டயா சொல்ல முடியும், சாமியா வாந்தி எடுத்துது. கூடு எறங்குது. அவன் பெருசாகுதான். இப்ப அண்ணாந்து பாக்கான். ஒவ்வொரு கூடா பாக்கான், பச்ச, செவப்பு, எங்க மஞ்ச. என்னப் பாத்தானா. பாத்தான். மொகத்துல ஒண்ணும் தெரியல. நான் கைய ஆட்டவா வேண்டாமான்னு கையத் தூக்கி அப்படியே வச்சிருக்கேன், கூறுகெட்டவ. நிக்காமப் போகுது ராட்டினம், அவனத் தாண்டி, திரும்ப மேல. யாரு இந்தச் சவத்த இன்னொரு சுத்துக் கேட்டது, நான்தான் கேட்டேன். மேல போகப் போக அவன் கழுத்த ஒடிச்சு என்னையே பாக்கான், கண்ண எடுக்கல. ஒரு கை வேலிக் கம்பியப் பிடிச்சிருக்கு. போயிரப் போறான். மேல போயி வரதுக்குள்ள போயிருவான். உச்சியத் தாண்டிட்டோம், எட்டிப் பாக்கேன், வேலிக்கிட்ட ஆளு இல்ல. ஆவுடை, காணும்டி. போயிட்டான். என்னப் பாத்துட்டுப் போயிட்டான். ஆவுடை கண்ணத் தொறந்து என் கையப் பிடிச்சுக்கிட்டா. சரி, அவ்வளவுதான். வந்தான்லா. அவன் பட்டதுக்கு இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. அழக் கூடாது, இவளுக மனசு கஷ்டப்படும்.

கூடு கீழ வந்து ஆடி நின்னுது. வடநாட்டுக்காரன் கம்பியத் தொறந்தான். எறங்குவோம்ட்டின்னு ரோஸ்லின் எந்திரிக்கா. படிக்கட்டுல யாரோ ஏறி வாராங்க, அவங்க எறங்கட்டும்யா, பொறவு ஏறுங்கன்னு ரோஸ்லின் பாதி சொல்லிட்டு நிறுத்திட்டா. அண்ணன். கையில டிக்கெட்டு. இவ்வளவு கிட்ட. கன்னத்துல நரச்ச முடி, சரியாச் சவரம் பண்ணல. மூச்சு வாங்குது. செருப்பக் கழத்திப் படியில விட்டான்.

"நீங்க உக்காருங்க ரெண்டு பேரும்," ன்னு அவளுகளப் பாத்துச் சொன்னான். கொரலு மாறவே இல்ல.

ரோஸ்லின் உக்காந்துட்டா. "அண்ணே," ன்னேன். பொறவு என்னத்தையோ சொல்லணும்னு, "அண்ணே, ஒனக்கு இது தல சுத்தும். நாங்க எறங்கி வாரோம். நீ கீழ நில்லு," ன்னேன்.

அவன் கூட்டுக் கதவப் பிடிச்சுக்கிட்டு ஒரு காலத் தூக்கி உள்ள வச்சான். கூடு ஆடுச்சு.

"கீழ நிக்க என்னால ஆவாது, வடிவு," ன்னான். "இன்னொருக்க ஆவாது. தள்ளி உக்காரு."

தள்ளி உக்காந்தேன்.